கரிசலின் ஆழத்தை வரைபடத்தில் ஏற்றியபோது

முதுநிலைப் புவித்தகவலியல் படிப்பின் இறுதிப் பருவ ஆய்வுக்காகக் கோவில்பட்டி முதல் விளாத்திகுளம் வரையுள்ள மானாவாரி நிலங்களின் மண்ணை வரைபடமாக்கும் பணியை எடுத்துக்கொண்டேன். இப்பகுதி 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் இருபுறமும் கிடப்பதால், உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் வரைபட முறையில் மேற்குப் பகுதி 43ஆம் மண்டலத்திலும் கிழக்குப் பகுதி 44ஆம் மண்டலத்திலும் அடங்குகிறது; எனவே எல்லாத் தரவுகளையும் ஒரே மண்டலத்துக்கு மாற்றிக்கொள்வதே முதல் வேலையாயிற்று.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் புரட்டாசி விதைப்புக்கு முன், நிலம் வெறுமையாகக் கிடக்கும் நாள்களின் மேகமற்ற படங்களில்தான் மண்ணின் நிறம் தெளிவாகத் தெரியும். கோடையிலும் பச்சை மாறாத சீமைக்கருவேலப் புதர்களைத் பசுமையின் அளவைக் காட்டும் தாவரக் குறியீட்டின் உதவியால் விலக்கிய பிறகு, கரிசலும் செவலும் திரையில் நன்றாகப் பிரிந்து நின்றன.

படத்தில் ஒரே சீராகக் கறுத்திருந்த ஒரு புஞ்சையில் குழி எடுக்க அனுமதி கேட்டபோது, அதன் உரிமையாளரான பெரியவர், "மேலதான் கருப்பு தம்பி, ஒரு முழம் தோண்டுனா சுக்கான் தட்டும்" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுக் குறிக்க உதவும் மன்செல் நிற அட்டையில் 10ஒய்ஆர் 3/1 (மிகக் கரும் சாம்பல்) என்று பொருந்திய கருமண்ணுக்குக் கீழே சுக்கான் எனப்படும் வெளிறிய சுண்ணாம்புக் கணுக்கள் நெருங்கிக் கிடந்தன. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு பட்டதும் நுரைத்துப் பொங்கின. அடுத்த ஊரின் ஆழக் கரிசலிலோ, மண்கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து வழவழப்பாக மின்னும் முகங்கள் குழிச் சுவரில் தெளிவாகத் தெரிந்தன. காய்ந்தால் ஆழமாக வெடிக்கும் களிமண்ணான வெர்டிசால் வகைக்கு இம்முகங்கள் கொண்ட படலம், மேலிருந்து 100 செ.மீ. ஆழத்துக்குள் குறைந்தது 25 செ.மீ. தடிப்பில் இருக்க வேண்டும். முதல் குழியில் அது இல்லாததால் அந்நிலத்தை, மண்ணடுக்குகள் முழுதாக வளராத இன்செப்டிசால் வகையில் சேர்த்தேன். விண்ணிலிருந்து ஒன்றாகத் தெரிந்த கருமை, ஈரத்தைப் பிடித்து வைப்பதில் முற்றிலும் வேறான இரண்டு மண்களாக இருந்தது. பருத்தி போடுகிறவருக்கு இந்த வேறுபாடே முதன்மையானது. ஆகவே எல்லைக் கோடுகளைக் குழிகளின் சான்றையும் உழவர்களின் சொல்லையும் கொண்டு திருத்தி வரைந்தேன்.

இதே பணியை மேற்கொள்ளும் மாணவர்கள் குழி வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மழை விழுந்தால் கரிசலின் வெடிப்புகள் மூடிக்கொள்ளும், அவற்றின் அகலத்தையும் ஆழத்தையும் அளக்க இயலாது. விதைத்த நிலத்தில் குழி தோண்ட எந்த உழவரும் இசையமாட்டார்.