தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது

கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டை ஓட்டுவதற்கான என் சான்றிதழ் போன வாரம் வந்துவிட்டது. தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, அதைச் சட்டம் போட்டு, சீன நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ஆறு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. அதில் பாதி என் தப்பு. மீதிப் பாதியை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நான் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை ஊரில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலை. நிக்கல், குரோம் வேலை. கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடுகிற பிளான்ட் என் பொறுப்பு. 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைப்படி, அந்த பிளான்ட் ஓடும்போதெல்லாம் தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் கடமையில் இருக்க வேண்டும். எங்களிடம் அது ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அந்தச் சீன அங்கிள் ஓய்வு பெறப் போகிறேன் என்று சொன்ன அன்றே, "நீ போய் செப்பியெட்சோ எடுத்துட்டு வா" என்று அந்தச் சான்றிதழுக்கு என்னை அனுப்பினார்கள்.

முதல் கோளாறு, பயிற்சி வகுப்பு நடக்கும் பாங்கி ஊரில். பட்டர்வொர்த்தில் இரவு பஸ் பிடித்து, விடியற்காலையில் இறங்கி, முகம் கழுவிக்கொண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். முதல் மணி நேரம் பாக்டீரியா, இரண்டாவது மணி நேரமும் பாக்டீரியா. காற்று எவ்வளவு ஊத வேண்டும், சேற்றில் உயிரிகள் எவ்வளவு இருக்க வேண்டும் என்றே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் சோயா சாஸ் தொழிற்சாலைக்காரர். அவருக்கு எல்லாம் புரிந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்தச் சான்றிதழில் இரண்டு பிரிவு உண்டு. உயிரியல் முறை ஒன்று, இயற்பியல்-வேதியியல் முறை இன்னொன்று. உணவு, பானம் செய்கிறவர்களுக்கு முதலாவது. எங்களைப் போல உலோகத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இரண்டாவது. எங்கள் ஆபிஸில் பெயர் கொடுத்த பெண் 'கழிவுநீர்' என்று பார்த்ததும் முதல் கட்டத்தில் கோடு போட்டுவிட்டாள். அழைப்புக் கடிதத்தில் தெளிவாகவே இருந்தது, நான்தான் தேதியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அன்று மாலையே திரும்பி பஸ். அடுத்த வகுப்புக்கு இரண்டு மாதம் காத்திருந்தேன். நீங்கள் போவதாக இருந்தால், கடிதத்தின் இரண்டாவது பக்கத்தையும் படியுங்கள்.

இரண்டாம் முறை போன ஐந்து நாளும் நன்றாகவே போயின. பரீட்சையும் ஒரே தடவையில் தேறியது. இனி களப் பயிற்சி அறிக்கைதானே, சொந்த பிளான்ட்டின் கணக்கை எழுதிக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் வேலை அங்கேதான் ஆரம்பித்தது.

அறிக்கை என்றால் தினசரி அளவுகள் வேண்டும். எங்களிடம் ஒரு பழக்கம், மீட்டர் காட்டுவதை அப்படியே புத்தகத்தில் எழுதிவிடுவது. குரோம் தொட்டியில் பிஎச் 2.5 பக்கம், குரோம் மாறிவிட்டதா என்று காட்டும் ஓஆர்பி 250 மில்லிவோல்ட் பக்கம், மஞ்சள் தண்ணீர் பச்சையாகிவிட்டால் சரி. அடுத்த தொட்டியில் கோஸ்டிக் சோடா விட்டு பிஎச் 10க்கு மேல் ஏற்றினால் நிக்கல் கட்டியாகி அடியில் படியும். கடைசியில் அமிலம் விட்டு 9க்குக் கீழே இறக்கி வெளியே விட வேண்டும். புத்தகத்தைப் புரட்டினால் பல மாதமாக ஒரே எண்: 10.2, 10.2, 10.2. நானே எழுதிய எண்கள்தான்.

அறிக்கைக்காக ஒரு நாள் கையடக்க மீட்டரை அதே தொட்டியில் விட்டேன். 9.1 காட்டியது. நிலையாகப் பொருத்திய மின்முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் கண்ணில் படவே இல்லை. வருஷக்கணக்கில் தண்ணீர் காய்ச்சிய கெத்தலின் உள்பக்கம் மாதிரி வெள்ளை அப்பிக்கிடந்தது. நகத்தால் சுரண்டப் போன என் கையை அங்கிள் தட்டிவிட்டார். நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தோம். இப்போது வாரம் ஒருமுறை, திங்கள் காலை, டீ குடிப்பதற்கு முன் அதுதான் முதல் வேலை.

சரி, அடுத்து சாம்பிள். சாதாரணமாக லேப்காரர்களே வந்து எடுத்துப் போவார்கள். அந்த மாதம் அவர்களுடைய வேன் பழுது. "நீங்களே கொண்டு வந்துடுங்க, பாட்டில் அனுப்புறோம்" என்றார்கள். எந்த லேப் என்று கேட்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம், ஐஸ் பெட்டியோடு பினாங்குப் பாலம் ஏறினேன். தீவுக்குப் போகத்தான் டோல், திரும்பி வர இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கவுண்டரில் இருந்த பையன் பெட்டியைத் திறந்து இரண்டு பாட்டிலை எடுத்து வெளியே வைத்தான்.

"எண்ணெய் சாம்பிள் கண்ணாடி பாட்டில்ல இருக்கணும் அங்கிள். இது பிளாஸ்டிக்."

"நீங்க அனுப்புனதுதானே தம்பி?"

"அது எனக்குத் தெரியாது. மெட்டல் பாட்டில்ல ஆசிட் போட்டீங்களா?"

போடவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. உலோக சாம்பிளில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே வைக்க வேண்டும், இல்லையென்றால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு முடிவு குறைவாக வரும். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். லஞ்ச் போய்விட்டார். மூன்று மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு ஐஸ் பெட்டியோடு திரும்பினேன். பிஓடி (தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க உயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன்) சாம்பிள் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கப்பட வேண்டும், வாரக் கடைசியில் யார் ஆரம்பிப்பார்கள்? மொத்தத்தையும் சுத்திகரிப்புத் தொட்டியிலேயே திரும்ப ஊற்றினேன்.

இது உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் சொல்லி வைக்கிறேன். உங்கள் இடத்தில் சயனைட் முலாம் இருந்தால், அந்த பாட்டிலுக்கு அமிலம் கிடையாது, கோஸ்டிக்தான். எல்லா பாட்டிலிலும் ஆசிட் விட்டால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சயனைடில் அமிலம் விழுந்தால் வருவது விஷ வாயு.

இரண்டு வாரம் கழித்து சரியான பாட்டில், சரியான சாம்பிள், சரியான முடிவு. நிக்கல் லிட்டருக்கு 2.3 மில்லிகிராம்.

நாங்கள் இருப்பது குடிநீர் எடுக்கும் இடத்துக்குக் கீழே என்பதால் எங்களுக்கு பி தரநிலை. அதில் நிக்கல் 1.0க்கு மேல் போகக்கூடாது. மேலே இருக்கிற ஏ தரநிலைக்காரர்களுக்கு 0.20தான், அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு தவுக்கேயிடம் போனேன். அவர் எழுந்து வந்து, கடைசித் தொட்டியில் எட்டிப்பார்த்தார். "தண்ணி இவ்வளவு கிளியரா இருக்கு, லேப் தப்பு பண்ணியிருப்பான்." எங்கள் கன்சல்டண்ட் போனில் அதையே ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். அந்த லேப் ஏற்கெனவே பாட்டிலில் தப்பு பண்ணிய லேப்.

ஆனால் அந்த எண்ணை அறிக்கையில் எழுதியாக வேண்டும். எழுதினால் காரணமும் எழுத வேண்டும்.

ஆறு பீக்கர் எடுத்தேன். 8.5இல் ஆரம்பித்து 11 வரை ஒவ்வொன்றிலும் வேறு வேறு பிஎச். கலக்கி, பாலிமர் விட்டு, அரை மணி நேரம் விட்டேன். ஆறிலும் கட்டி அழகாகப் படிந்தது, மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர். டெஸ்ட் கிட் போட்டால் ஆறிலும் நிக்கல். 11இல் கூடக் குறையவில்லை. அங்கிள் பீக்கரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிஎச் பிரச்சினை இல்லை. உள்ளே ஏதோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது" என்றார். நாற்பது வருஷ அனுபவம் ஒரே வரியில்.

எங்கிருந்து வருகிறது? வரைபடத்தில் இரண்டே வடிகால், குரோமுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. நான் வரைபடத்தை நம்புவதை விட்டுவிட்டேன். நிக்கல் தண்ணீரே பச்சை என்பதால் பச்சைச் சாயம் உதவாது. மளிகைக் கடையில் ஆயர் பண்டோங் பானத்துக்குப் போடும் ரோஸ் கலர் நாலு பாட்டில் வாங்கினேன். இரவு ஷிஃப்ட்டில் ஒவ்வொரு வடிகாலாக ஊற்றி, ஹோஸால் தண்ணீர் விட்டு, கழிவுநீர் வந்து சேரும் குழியருகே டார்ச்சோடு உட்கார்ந்தேன். மூன்றாவது சுவருக்குப் பின்னால் இருந்து ஒரு வெள்ளைக் குழாய் வழியே ரோஸ் தண்ணீர் வந்தது. அந்தக் குழாய் எந்த வரைபடத்திலும் இல்லை.

சுவரைச் சுற்றிப் போனேன். முலாம் லைன் பார்க்கும் அக்கா அங்கே ஒரு தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இது என்னக்கா?"

"கரண்ட் இல்லாம போடுற நிக்கல், தம்பி. ஆறு மாசமா ஓடுதே. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. எலக்ட்ரோலெஸ் நிக்கல். அந்தக் கரைசலில் நிக்கல் கட்டியாகாமல் மிதந்துகொண்டே இருக்க சிட்ரேட் மாதிரியான பொருளைச் சேர்ப்பார்கள். முலாமுக்கு அதுதான் உயிர். எனக்கு அதுதான் எமன். கோஸ்டிக் எவ்வளவு விட்டாலும் அந்தப் பிடி விடாது. பழைய கரைசலைச் சனிக்கிழமை இரவுகளில் மொத்தமாகத் திறந்துவிடுவதும் அப்போதுதான் தெரிந்தது. அக்கா மேல் கோபமே இல்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை, என்னிடமும் யாரும் சொல்லவில்லை. உற்பத்திக்கூட்டத்தில் கழிவுநீர்க்காரனை யார் கூப்பிடுகிறார்கள்?

தவுக்கே தனித் தொட்டிக்குச் சம்மதிக்க மூன்று வாரம் எடுத்தார். நான் பேசியது எதுவும் எடுபடவில்லை. 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு உச்ச அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை போயிருப்பதைத் தாளில் அச்சடித்து மேசைமேல் வைத்தேன். சுங்கை ஜூரு ஆற்றுப் பக்கம் கெராங் சிப்பி வளர்த்து, தொழிற்சாலைக் கழிவால் நஷ்டப்பட்டவர்களின் பழைய கதையை அங்கிள் ஹொக்கியனில் சொன்னார். எது வேலை செய்ததோ தெரியாது. தனிக் குழாய், தனித் தொட்டி, அதில் டிடிசி என்கிற உலோகம் பிடிக்கும் மருந்து. அளவு மீறினால் அதுவே மீனுக்கு விஷம், அதனால் பீக்கர்களில் ஜார் டெஸ்ட் செய்து பார்த்துத்தான் விட வேண்டும். பழைய கரைசல் இப்போது வடிகாலுக்கே போவதில்லை, டிரம்மில் அடைத்து உரிமம் உள்ளவர்களிடம் போகிறது. மாற்றத்தை எழுத்தில் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவித்தோம். ஆய்வுக்கு வந்த அதிகாரி ரோஸ் கலர் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, வரைபடத்தை மாற்றி வரையச் சொல்லிவிட்டுப் போனார்.

அறிக்கை இத்தோடு முடியவில்லை. ஒருமுறை திரும்பி வந்தது. காரணம் நிக்கல் அல்ல, சேறு. எஸ்டபிள்யூ 204 என்ற குறியீட்டில் வரும் உலோகச் சேற்றை அடைத்த ஜம்போ பைகளை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக்கூடாது. நாங்கள் வைத்திருக்கவில்லை. ஆனால் சேற்றைப் பிழியும் ஃபில்டர் பிரஸ் புத்தகத்தில் எழுதியதும் லோரியில் ஏற்றியதும் 600 கிலோ இடித்தது. இரவு ஷிஃப்ட் எடை போடாமல் கண்மதிப்பில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. புத்தகத்தில் உள்ள எண்ணை அழகுபடுத்தாதீர்கள். வித்தியாசம் ஏன் வந்தது என்று ஒரு பத்தி எழுதி அனுப்பினேன், அது அப்படியே ஏற்கப்பட்டது.

போன மாத நிக்கல் 0.4. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு போன் அடித்தது. அக்கா.

"தம்பி, தொட்டி கழுவப் போறோம். எந்தக் குழாய்ல விடணும்?"