கரண்ட் திரும்பி வரும் நேரம்

மட்டக்களப்புப் பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்கிறவர்களுக்குப் புயல் வேலை முதல் நாளில் வருவதில்லை. முதல் நாள் எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். மெயின் சுவிச்சை இறக்கியிருப்பார்கள், பிள்ளைகளை வளவுக்குள் விடமாட்டார்கள், வயர் அறுந்து கிடந்தால் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போவார்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் கை துணியத் தொடங்கும். பிரிட்ஜில் மீன் நாறும், டாங்கில் தண்ணீர் முடியும், போன் அணைந்துபோகும். யாராவது ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்குவார்கள். பிறகு ஒரு பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் வரும். எங்களைக் கூப்பிடும் காரணங்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நேரத்தில்தான் பிறக்கின்றன.

எத்தனை நாள் செல்லும் என்று கேட்கிறவர்களுக்கு லைன் வரும் பாதையைச் சொன்னால் பாதிக் கேள்வி தீரும். வவுணதீவு, வாழைச்சேனை, அம்பாறை போன்ற கிரிட் உப நிலையங்களிலிருந்து 33,000 வோல்ட் லைன் புறப்படுகிறது. அது ஊரிலுள்ள ட்ரான்ஸ்போமருக்கு வந்து 400 வோல்ட்டாக இறங்கி, கம்பம் கம்பமாக ஒழுங்கைக்குள் போய், கடைசியில் சேர்விஸ் வயரால் வீட்டுக்குள் 230 ஆக நுழைகிறது. திருத்துவதும் இந்த ஒழுங்கில்தான். மேலே உள்ளது சரியாகாமல் கீழே உள்ளதைத் திருத்திப் பயனில்லை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் லைன் வயலுக்குள்ளால் போவதால், வெள்ளம் வடியும்வரை கம்பம் ஏற்றிய லொறி இறங்காது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் சிக்கல் தென்னை. ஒரு மட்டை விழுந்தாலே போதும், ஒரு ஒழுங்கை முழுவதும் இருட்டு.

"பக்கத்து வீட்டுக்கு வந்திட்டு, எங்களுக்கு மட்டும் ஏன் அண்ணே வரல்ல?" என்று கேட்பார்கள். பக்கத்து வீடு வேறு பேஸில், அதாவது கரண்ட் கொண்டுவரும் மூன்று வயரில் வேறொன்றில், இருக்கலாம். ஒழுங்கையில் ஓடும் மூன்று பேஸில் ஒன்றின் பியூஸ் போனால் மூன்றில் ஒரு பங்கு வீடுகள்தான் அணையும். அல்லது உங்கள் சேர்விஸ் வயர் மட்டும் கம்பத்தில் கழன்றிருக்கும். மின்சார முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் 1987க்கு எடுக்கும்போது பில்லிலுள்ள கணக்கு இலக்கத்தையும், எதிர்வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு விபரம் போதும், லைன் ஆட்கள் எதைத் தேடி வருவதென்று முடிவு செய்ய. விழுந்து கிடக்கும் வயரைப் பற்றி முறையிட்டால் யாரையாவது காவல் வையுங்கள், பத்து மீற்றருக்குக் கிட்ட ஒருவரையும் விடாதீர்கள். கம்பாலும் தள்ள வேண்டாம். நனைந்த கம்பு கரண்டைக் கடத்தும்.

1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைப் பற்றி வயதானவர்கள் சொல்லும்போது தென்னை விழுந்ததையும் கூரை போனதையும் சொல்வார்கள். கரண்ட் போனதைச் சொல்கிறவர்கள் குறைவு, ஏனென்றால் அன்று பல ஊர்களில் கரண்டே இருக்கவில்லை. கிணற்றில் வாளி இருந்தது, வீட்டில் குப்பி விளக்கு இருந்தது. இன்றைக்குக் கிணற்றுக்கு மூடி போட்டு, மோட்டர் பூட்டி, வாளியையும் கயிற்றையும் எறிந்துவிட்டோம். மாரி தொடங்க முன்னர் ஒரு வாளியும் கயிறும் வாங்கி வையுங்கள். ஜெனரேட்டருக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு அது.

ஜெனரேட்டர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆண் பிளக் பூட்டிய வயர் ஒன்று பல வீடுகளில் இருக்கிறது. ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள சொக்கட்டிலும் குத்தினால் வீடு முழுக்க வெளிச்சம் வரும். மெயின் சுவிச்சை இறக்கிவிட்டுத்தானே செய்கிறோம் என்பார்கள். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஒருவருக்கு ஒருநாள் அது மறக்கும். மறந்த அந்த நேரம் 230 வோல்ட் சேர்விஸ் வயரால் வெளியே போய், ட்ரான்ஸ்போமருக்குள் தலைகீழாக ஏறி, மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளிவரும். அந்தப் பக்கம் கம்பத்தில் ஏறி நிற்பவர், லைன் செத்துக் கிடக்கிறது என்ற நம்பிக்கையில் ஏறியவர். சின்ன ஜெனரேட்டர்தானே, ஊர்ப் பாரம் தாங்காமல் நின்றுவிடும் என்று வாதாடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு அடுத்த கம்பத்தில் வயர் அறுந்திருந்தால் ஊர்ப் பாரம் எங்கே இருக்கிறது? வயர் தொங்கும் துண்டு மட்டும்தான் இருக்கும், அதை உயிரோடு வைத்திருக்கச் சின்ன ஜெனரேட்டர் போதும். அந்த வயரை வீட்டில் கண்டால் இரண்டாக வெட்டி எறியுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

சரியான வழி சேஞ்ச் ஓவர் சுவிச், லைன் அல்லது ஜெனரேட்டர் என்று ஒன்றை மட்டும் வீட்டோடு இணைப்பது. இரண்டு போல் உள்ளது, நடுவில் இரண்டும் விடுபட்டு நிற்கும் பூச்சியம் உள்ளது வாங்க வேண்டும். பேஸையும், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கும், ஒரு பக்கம் விடுபட்ட பிறகுதான் மறுபக்கம் பிடிக்கும். அதற்கு வசதியில்லையென்றால் ஜெனரேட்டரிலிருந்து நேராக 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்து, பிரிட்ஜையும் சார்ஜரையும் அதிலேயே குத்துங்கள். வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம். இன்னொன்று: சிறிய ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்படியான நேரத்தில் கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாக விழும் வீட்டு ட்ரிப் சுவிச் இருந்தும் இல்லாததுதான். எர்த் கம்பி அடித்துச் சரியாக இணைக்க ஒரு வயர்மனைக் கூப்பிடுங்கள்.

2 கேவிஏ ஜெனரேட்டரில் அரைக் குதிரைவலு மோட்டரும் பிரிட்ஜும் ஓடும், ஆனால் ஒரே நேரத்தில் புறப்படாது. மோட்டர் ஓடும்போது 600 வாட் அளவுதான் எடுக்கும், புறப்படும் கணத்தில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும். மோட்டரை முதலில் போட்டு, சத்தம் சீரான பிறகு பிரிட்ஜைப் போடுங்கள். நாள் முழுக்க ஓட்டத் தேவையில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் ஓடினால் ஆயிரம் லீற்றர் டாங்க் நிறையும், போன்கள் ஏறும், பிரீசரின் குளிரும் பெரிதாகக் குறையாது. மூன்று லீற்றர் பெற்றோல் அளவில் ஒரு நாள் போகும்.

மழை பெய்கிறதென்று ஜெனரேட்டரை விறாந்தையிலோ குசினியிலோ வைக்கிறார்கள். அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, ஓங்காளம், பிறகு நித்திரை. அந்த நித்திரையிலிருந்து எழும்பாதவர்கள் உண்டு. வாசல், யன்னலிலிருந்து ஆறு மீற்றராவது தள்ளி வையுங்கள். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் வீட்டுக்குத் தென்மேற்குப் பக்கம் நல்லது. நாலு கம்பு நட்டு மேலே ஒரு தகரம் போட்டால் மழைக்குப் போதும், பக்கங்களை மறைக்கக் கூடாது. பெற்றோல் ஊற்ற முன்னர் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட வேண்டும்.

கூரையில் சோலர் இருக்கிறதே என்று நம்பியிருந்த வீடுகளும் இருட்டாகத்தான் கிடக்கும். லைனோடு இணைத்த சோலர், லைன் போன உடனே தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறுகிறவரைக் காக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். பற்றரியோடு கூடிய இன்வேட்டர் இருந்தால் மட்டுமே பகலில் பயன்படும். வெளிச்சத்துக்கு மட்டுமென்றால் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று 5 வாட் எல்ஈடி பல்பை எட்டு மணி நேரம் தாங்கும்.

மண்ணெண்ணெய் விளக்கு வைக்கிறவர்கள் விளக்கின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். சாராயப் போத்தலில் திரி போட்ட விளக்கு உயரமாக, இலகுவாக இருக்கும். பூனை தட்டினாலே சரியும், சரிந்தால் மூடி கழன்று எண்ணெய் கொட்டும். சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இப்படி எரிந்து வந்தவர்களைப் பார்த்துத்தான் குட்டையான, கனத்த கண்ணாடியில், இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ஒரு விளக்கை உருவாக்கினார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சரிந்தாலும் உருளாது, மூடியும் கழராது. அது கிடைக்காவிட்டால் சின்ன ஜாம் போத்தலில் மணல் நிரப்பி மெழுகுதிரியை நட்டு வையுங்கள். நுளம்பு வலைக்குக் கிட்ட எந்தத் தீயும் வேண்டாம்.

சாப்பாட்டில் அதிகம் சொல்ல இல்லை. திறக்காத பிரிட்ஜ் நாலு மணி நேரம், நிறைந்த பிரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் குளிரை வைத்திருக்கும். அந்த நேரம் முடிய முன்னரே மீனைப் பொரித்து, இறைச்சியைச் சமைத்து முடித்துவிடுவது நல்லது. இன்சுலின்தான் கவனம். பாவித்துக்கொண்டிருப்பதை 30 பாகைக்குக் குறைவான வீட்டு வெப்பத்தில் வழமையாக நாலு கிழமை வைக்கலாம். திறக்காதவற்றை ஈரத்துணி சுற்றிய தயிர்ச் சட்டிக்குள் வைத்து மூடுவார்கள். மாரியில் காற்று ஈரமாக இருப்பதால் சட்டி பெரிதாகக் குளிராது, வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஐஸ்கட்டியோடு ஒட்ட வைத்து உறைந்துபோனால் அந்த மருந்து எறிய வேண்டியதே. கிணற்றுக் கட்டுக்கு மேலால் வெள்ளம் போயிருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடும்வரை நீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். கிணற்றை ஒரேயடியாக இறைத்து வற்றவைக்க வேண்டாம். சுற்றி மண் ஊறியிருக்கும்போது வளையம் இடிந்து விழும்.

இனிக் கரண்ட் வரும் நேரம். அதற்கு முன்னரே ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி வையுங்கள், சுவிச்சை அணைப்பது மட்டும் போதாது. ஒரேயொரு பல்பு மட்டும் போட்டபடி இருக்கட்டும், அதுவும் பழைய குமிழ் பல்பாக இருந்தால் நல்லது. எல்ஈடி பல்பு வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் அநேகமாக ஒரே மாதிரித்தான் எரியும், எதையும் காட்டாது. குமிழ் பல்பு பொய் சொல்லாது. கண் கூச வெள்ளையாக எரிந்தால் லைனில் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது வெவ்வேறு பேஸிலுள்ள வீடுகள் ஒன்றோடொன்று தொடுத்து 400 வோல்ட்டுக்குக் குறுக்கே நிற்கும். பாரம் கூடிய வீட்டில் மங்கும், பாரம் குறைந்த வீட்டில் 300ஐயும் தாண்டும். எல்லாவற்றையும் அணைத்து வைத்த கவனமான வீட்டுக்குத்தான் கூடுதல் வோல்ட் போகும், அதனால்தான் பிளக்குகளைக் கழற்றச் சொல்கிறோம். உடனே மெயின் சுவிச்சை இறக்கி 1987க்கு எடுங்கள். வோல்ட் மீற்றர் இருந்தால் 216க்கும் 244க்கும் இடையில் காட்ட வேண்டும்.

சரியாக இருந்தாலும் கால் மணி நேரம் பொறுங்கள். நாலு நாள் அணைந்திருந்த ஊரில் எல்லாப் பிரிட்ஜும் எல்லா மோட்டரும் ஒன்றாகப் புறப்பட்டால் ட்ரான்ஸ்போமரின் பியூஸ் மறுபடி போகும். திருத்திவிட்டுப் போன ஆட்கள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். ஒழுங்கையில் பத்து வீடு பொறுத்தால் பத்து வீட்டுக்கும் கரண்ட் நிற்கும்.

வாவித் தண்ணீர் ஏறிய வீட்டில் இதற்கும் முந்திய வேலை ஒன்று இருக்கிறது. மெயினை இறக்கிவிட்டு ஒரு சொக்கட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி முகப்பை இழுத்துப் பாருங்கள். முதலில் சேற்று மணம் வரும். பித்தளைக் கவ்விகளில் பச்சையாகப் பூத்திருக்கும், பெட்டியின் அடியில் ஒரு விரல் தடிப்பில் மண் படிந்திருக்கும். சுவர் காய்ந்து ஒரு கிழமை ஆனாலும் பைப்பின் வாயில் தண்ணீர் சொட்டும். துடைத்துக் காயவைத்தால் அன்றைக்கு வேலை செய்யும். வாவித் தண்ணீர் விட்ட உப்பு அங்கேயே இருக்கும். ஈரமான ஒவ்வொரு இரவும் அது தண்ணீரை உறிஞ்சி, பேஸிலிருந்து எர்த்துக்கு மெல்லக் கசியவிடும், விடியப்புறம் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் விழும். அந்த நேரத்தில் ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேராக இணைத்துத் தரச் சொல்லி எங்களைக் கேட்பார்கள். செய்யமாட்டோம். முங்கிய சொக்கட், சுவிச், பிரேக்கர் எல்லாம் மாற்ற வேண்டும். பைப்பை ஊதி வடித்து, வயரின் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரில் ஒவ்வொரு சேர்கிட்டும் ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டிய பிறகுதான் ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றுவோம்.

கடைசியாகத் தண்ணி மோட்டர். பல நாள் நின்றதால் தண்டு இறுகியிருக்கும், அப்படியே போட்டால் உறுமும், சுற்றாது, சுருள் கருகும். பிளக்கைக் கழற்றி, பின்பக்க விசிறி மூடிக்குள்ளால் ஸ்க்ரூ ட்ரைவரை விட்டு விசிறியை நாலு சுற்று சுற்றுங்கள். கையால் இலகுவாகச் சுற்றினால், பம்புக்குள் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டு சுவிச்சைப் போடலாம்.