அட்டைகள் எந்தப் பக்கம் பார்த்தன

செயற்கைக் கால் பொருத்தும் வேலைக்காக 1998இல் பெங்களூர் வந்தேன். அல்சூர் ஏரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன மையம். கீழே பட்டறை, மேலே நோயாளிகள் நடந்து பழகும் கூடம். கூடத்தின் மூன்று ஜன்னல்களும் சாலையைப் பார்த்திருந்தன. வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரை நோயில் காலை இழந்தவர்கள். மற்றவர்கள் லாரியிலோ ரயிலிலோ அடிபட்டவர்கள்.

பட்டாளத்துக்காரர்களுக்குப் புனேயில் ராணுவத்தின் சொந்தச் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. முதல் கால் அங்கேதான் போடுவார்கள். ஆனால் வெட்டிய கால் முதல் வருடம் ஒரே அளவில் நிற்காது. வீக்கம் வடியும், சதை வற்றும், சிறுத்துக்கொண்டே போகும். மீதிக் காலைச் செருகுகிற கிண்ணத்தைத்தான் சாக்கெட் என்போம்; மூன்று மாதம் முன்பு கச்சிதமாக இருந்த சாக்கெட் ஆட ஆரம்பிக்கும், எலும்பு முனையில் உரசிப் புண்ணாக்கும். அதற்காக ஒவ்வொரு தடவையும் புனேக்கு ரயிலேற முடியாத தம்பிகள் எங்களிடம் வருவார்கள்.

தம்பி என்பது வயதை வைத்துச் சொல்வதல்ல. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் வீரர்களுக்குப் படையில் அதுதான் பெயர். பாலம் கட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு, அடுத்த அக்டோபர் வரை படைகள் எல்லையில் நின்றன. போர் நடக்கவில்லை. ஆனால் எல்லை நெடுகக் கண்ணிவெடிகள் புதைத்தார்கள். புதைக்கும்போதும் எடுக்கும்போதும் அவை வெடித்தன. கண்ணிவெடிக் காயம் வெளியே தெரிவதைவிட உள்ளே பெரியது. மண்ணையும் பூட்ஸ் தோலையும் தசைகளுக்கு நடுவே மேலே ஏற்றிவிடும். போனது பாதம்தான் என்று பையன் நினைத்திருப்பான், டாக்டர் முழங்காலுக்குப் பக்கத்தில் வெட்டியிருப்பார். 2003 தொடக்கத்தில் அப்படி நாலைந்து பேர் எங்கள் கூடத்தில் கம்பிகளைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று அவர்கள் படத்தைப் போட்டது.

அந்த மார்ச் 20ஆம் தேதி இராக் மீது அமெரிக்கா போர் தொடுத்தது. அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், இருபது பேர் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு எங்கள் மையத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் வந்து நின்றார்கள். கோஷம் இல்லை. கையில் அட்டைகள், பெரும்பாலும் ஆங்கிலத்தில், சில கன்னடத்தில். அட்டைகள் எங்கள் ஜன்னலைப் பார்த்து இருந்தன.

தர்மபுரிப் பக்கத்துத் தம்பி ஒருவன், இருபத்து மூன்று வயது, ஜன்னலோரக் கம்பியில் நின்றபடி கேட்டான்:

"அண்ணா, அதுல என்ன எழுதியிருக்கு?"

"சண்டை வேணாம்னு எழுதியிருக்குப்பா."

"லெக்னு இருக்கே அண்ணா."

ஒரு வருடமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றியவன். எந்த ஆங்கில வார்த்தை தெரியாவிட்டாலும் அந்த வார்த்தை அவனுக்குத் தெரியும். 'இந்தக் கால் யாருக்காகப் போனது' என்பது அட்டையில் இருந்த வாசகம். நான் சொல்லவில்லை. அவன் அதற்குப் பிறகு அன்று நடக்கவும் இல்லை.

எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்றும் நியாயம் என்றே நினைக்கிறேன். மறுநாளும் அவர்கள் வந்தபோது, போய்ப் பேசச் சொல்லி என்னை அனுப்பினார்கள். சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் சாலையைத் தாண்டினேன்.

கல்லூரிப் பெண் ஒருத்தி முதலில் பேசினாள். பாக்தாத் மேல் குண்டு விழுவதை டிவியில் பார்த்து நாலு ராத்திரி தூங்கவில்லை என்றாள். பிப்ரவரி 15ஆம் தேதி உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஊர்களில் லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள், யார் கேட்டார்கள் என்று கேட்டாள். பேரணி போவதையெல்லாம் பார்த்துப் பழகிவிட்டார்கள், ஆனால் கால் இல்லாத ஒருவரைப் பார்த்தால் எவரும் முகத்தைத் திருப்ப முடியாது, அதனால்தான் இங்கே நிற்கிறோம் என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் கால் இல்லாதவர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று தங்களைப் பார்ப்பார் என்பதை அவள் யோசித்திருக்கவே இல்லை. நண்பர்கள் கூப்பிட்டதால் வந்த பையன்கள் இருந்தார்கள். நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும் என்று வந்த ஒருவரும் இருந்தார். எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரை வைத்து மற்றவர்களை எடைபோடக் கூடாது.

ஓரமாக நின்ற பெரியவர் ஒருவர் என் பேச்சை வைத்து ஊரைக் கண்டுபிடித்தார். விவேக் நகரில் வீடு. பாதுகாப்புத் துறைக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். "நீங்க ஏன் சார் இங்க?" என்று கேட்டேன்.

"பித்தளையும் ஸ்டீலுமா கடைஞ்சு குடுத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. டிராயிங்குல நம்பர் இருக்கும், பேர் இருக்காது. ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்பிருவாங்க. அது எதுக்குள்ள போச்சு, எங்க போய் விழுந்துச்சுன்னு யாரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. அந்த போட்டோவ பேப்பர்ல பாத்தேன். கேக்காம இருந்துட்டமேன்னு இருக்கு."

அவர் கையில் அட்டை இல்லை. நான் கேட்க நினைத்திருந்த கேள்விகளில் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. கடைசியில் எல்லோரிடமும் ஒன்று மட்டும் சொன்னேன்: நில்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, அட்டைகளைச் சாலைப் பக்கம் திருப்பிப் பிடியுங்கள், போருக்கு அனுப்புகிறவர்களும் ஓட்டுப் போடுகிறவர்களும் சாலையில்தான் போகிறார்கள். சிலர் திருப்பினார்கள், சிலர் மாட்டோம் என்றார்கள். மூன்றாம் நாள் போலீஸ் வந்து கலைத்துவிட்டது.

எங்கள் கூடத்தில் இதைப் பற்றி அதிகம் பேசாதவர் ஹவில்தார் ஐயா. வேலூர்ப் பக்கம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள் அந்தப் பக்கம் உண்டு. 1987இல் இந்திய அமைதி காக்கும் படையோடு யாழ்ப்பாணம் போய், சாலையில் வெடி எடுக்கும்போது இடது காலை இழந்தவர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சாக்கெட் மாற்ற வருவார். அந்த வாரம் அவருக்கு மாவுக்கட்டு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டர் இறுகும் வரை இரண்டு பேரும் அசையாமல் இருக்க வேண்டும், அந்த நிமிடங்களில் நோயாளிகள் பேசுவார்கள்.

"எங்க காலத்துல அட்டை இல்ல, போஸ்டர்" என்றார். "என் மச்சானே ஒட்டினான்."

1987 அக்டோபர் 21, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படை சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தமிழ்நாடு கொதித்தது. 1990 மார்ச்சில் படை முழுவதும் திரும்பி வந்தபோது, வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. போகாததன் காரணம் தமிழர் எவருக்கும் புரியும். ஏறத்தாழ 1,200 பேரை அங்கே இழந்து திரும்பியவர்களில் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல அப்போது யாருக்கும் வாய் வரவில்லை.

"போஸ்டர்ல இருந்தது பொய்னு நான் என்னைக்கும் சொன்னதில்ல" என்றார் ஐயா. "ஆஸ்பத்திரில நான் இல்ல, ரோட்டுல இருந்தேன். ஆனா சட்டை ஒண்ணுதானே."

"அப்புறம் ஏன் ஐயா மச்சான்கிட்ட பேச்சு விட்டுப்போச்சு?"

"மெட்ராஸ்ல மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு என்னைப் பாக்க வந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தான். கட்டில் ஓரமா ஒரு மணி நேரம் உக்காந்திருந்தான். எப்படி ஆச்சு மாமான்னு ஒரு வார்த்தை கேக்கல."

பிளாஸ்டர் இறுகிவிட்டது. கழற்றினேன்.

இரண்டு வருடம் கழித்து வாஷிங்டன் செய்தி ஒன்றைப் படித்தபோது அந்த வாரம் முழுதும் திரும்பி வந்தது. இராக்கில் காயம்பட்டவர்கள் சிகிச்சை பெற்ற வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் வாசலில், ஜார்ஜியா அவென்யூவில், கோட் பிங்க் என்ற பெண்கள் அமைப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நின்றது. 'பொய்க்காக ஊனமானவர்கள்' என்று ஒரு பதாகை. எதிரே போரை ஆதரித்து இன்னொரு கூட்டம், கொடிகளோடு. போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் இராக்கில் இருக்கவில்லை, ஆகவே பதாகையில் இருந்தது உண்மை. ஆனால் அதை மாடியிலிருந்து படிக்கிறவனுக்கு அந்த உண்மை தன் காலைப் பற்றிய தீர்ப்பாகத்தானே போய்ச் சேரும்? காயம்பட்டவர்களுக்கு நல்ல சிகிச்சை வேண்டும் என்றும் அந்தப் பெண்கள் கேட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் அக்கறை இல்லாமல் யாரும் குளிரில் போய் நிற்பதில்லை. 2007 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் எழுதிய பிறகுதான், அதே சாலையில், வாசலுக்கு எதிரே, சிகிச்சை தொடரும் வீரர்கள் தங்கியிருந்த 18ஆம் எண் கட்டடத்தில் சுவர் பூஞ்சை பிடித்துக் கிடந்தது ஊருக்குத் தெரிந்தது. ராணுவச் செயலர் பதவி விலகினார். அந்தக் கட்டடத்தில் இருந்த ஒருவனிடம் யாராவது ஓர் இரவு எப்படியப்பா தூங்குகிறாய் என்று கேட்டிருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. ஹவில்தார் ஐயாவின் ஆரஞ்சுப் பழமும் ஞாபகம் வந்தது.

காயம்பட்டவனே போருக்கு எதிராகப் பேசும்போது அதன் எடை வேறு. 1971 ஏப்ரலில் வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் பதக்கங்களை அமெரிக்க நாடாளுமன்றப் படிகளில் எறிந்தார்கள். சிலர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார்கள். அவர்களுக்கு யாரும் அட்டை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் தம்பி அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வாரம் வரவில்லை. வந்தபோது, "அண்ணா, அவங்க உள்ள வந்திருந்தா நான் சொல்லிருப்பேன்" என்றான். என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். வெடியைப் புதைத்தது அவனே என்றும், எடுக்கும்போது புதைத்த கணக்குக்கும் தரைக்கும் பொருந்தவில்லை என்றும், மணல் நகர்ந்திருந்தது என்றும் சொன்னான். வந்து ஐந்து மாதத்தில் நானும் அதுவரை கேட்டிருக்கவில்லை. அவன் காலின் சுற்றளவை மூன்று இடத்தில் அளந்து குறித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம் விவேக் நகர்ப் பெரியவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வாங்க என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். அலமாரியில் வரிசையாக இருந்த மாவு வார்ப்புகளைப் பார்த்தார், ஒவ்வொன்றும் ஒருவருடைய மீதிக் கால். எதையும் தொடவில்லை. மேஜை மேல் கிடந்த அலுமினியக் குழாயை மட்டும் எடுத்தார்.

"இது எங்க போகுது?"

"முட்டிக்கும் பாதத்துக்கும் நடுவுல சார். மேல நடக்கறாரே ஒரு தம்பி, அவருக்கு."

வெட்டிய விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். "பிசிறு எடுக்கல" என்றார். அரம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.