ரோஸ் சட்டைக்காரன் யார்?

"பாக்கெட்ல போட்டுக்கிட்டுத் திரி மாப்ள. ஒருத்தனுக்கும் தெரியாம வீடியோ எடுக்கலாம்" என்று சொல்லித்தான் துபாயிலிருந்து லீவுக்கு வந்த அத்தான் அந்தப் பெட்டியைக் கையில் கொடுத்தார். டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 என்கிற குட்டி வீடியோ கேமரா. எடை 179 கிராம். கீழே கைப்பிடி, நடுவில் 2 இஞ்ச் திரை, உச்சியில் குட்டியாக ஒரு தலை. திரையைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும், ஆன் ஆகிவிடும். தலை தானாக எழும்பி, கொஞ்சம் அசைந்து நிதானத்துக்கு வந்து, தூக்கத்தில் எழுப்பிவிட்ட கோழிக்குஞ்சு மாதிரி நம்மைப் பார்க்கும்.

ஒருத்தனுக்கும் தெரியாமல் என்பதெல்லாம் துபாயில் செல்லுமோ என்னவோ. நான் இருப்பது மும்பை தாராவியில். இங்கே செல்போனைத் தூக்கி எதை எடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கழுத்தில் பெரிய பெரிய கேமராக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வெள்ளைக்காரர்கள் சந்து சந்தாகச் சுற்றிப் பார்க்கிற ஊர் இது, அதுவும் பழகிப்போன விஷயம். ஆனால் தலையைத் தானாகத் திருப்புகிற ஒரு குச்சியை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

முதலில் ஆச்சியைத்தான் எடுத்தேன். கேமராவை முகத்துக்கு நேராக நீட்டியதும் ஆச்சி தலைமுடியை ஒதுக்கிவிட்டு, நெற்றியைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் ஆள்காட்டி விரலையும் நீட்டினாள். அப்போதுதான் புரிந்தது. 2020-ல் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு வீடு வீடாக ஆள் வருவார்கள், நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டுவார்கள், விரலில் ஒன்றை மாட்டுவார்கள். ஆச்சிக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

"எவ்வளவுல காட்டுது?"

"4கே ஆச்சி."

"கூடுதலோ?"

கூடுதல்தான் என்று சொல்லி வைத்தேன். சுக்குக் காப்பி போடச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சலூன்காரர் புது மாடல் ட்ரிம்மர் என்று நினைத்து விலை கேட்டார். மளிகைக்கடை அண்ணாச்சியிடம் மாட்டியதுதான் பெரிய கதை. அவர் கடை வாசலில் நின்று எங்கள் தெருப் பையன் ஒருவன், இன்ஜினியரிங் படிக்கிறவன், இந்தக் கேமராவின் பெருமையை எடுத்துச் சொன்னான். உள்ளே படம் விழுகிற சில்லு, அதாவது சென்சார், 1 இஞ்ச் என்றான். அண்ணாச்சி எதையும் அளந்து பார்க்கிறவர். "ஒரு இஞ்ச்னா எதுல எதுவரைக்கும்?" என்றார். பையன் போனில் தேடினான். நீளம் 13.2 மில்லிமீட்டர், அகலம் 8.8 மில்லிமீட்டர். குறுக்கே அளந்தாலும் 16 மில்லிமீட்டர் வராது. ஒரு இஞ்ச் என்பது 25.4. இது ஒரு கம்பெனி மட்டும் செய்கிற வேலை இல்லை, கேமரா செய்கிற எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அந்தக் காலத்து டிவி கேமராக்களுக்குள் கண்ணாடிக் குழல் இருந்தது. அந்தக் குழலின் வெளி விட்டம் ஒரு இஞ்ச் என்றால், உள்ளே படம் விழுகிற இடம் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான். குழல் போய்விட்டது, கணக்கு மட்டும் நிற்கிறது.

அண்ணாச்சி முழுதாகக் கேட்டுவிட்டு, "ஒரு கிலோன்னு சொல்லி நாங்க அறுநூறு கிராம் போட்டா, சாக்கும் சேத்து எடைன்னு சொன்னா, விடுவீங்களால?" என்றார். பையனிடம் பதில் இல்லை.

ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது. அறுநூறு கிராம் ஆனாலும் பெரும்பாலான போன்களில் இருப்பதைவிட அது பெரிய சென்சார், வெளிச்சம் குறைவான இடத்தில் அதன் அருமை தெரியும். எங்கள் சந்துகளில் உச்சி வெயிலிலும் லைட் போட்டால்தான் ஆள் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் விடியுமுன்னே இட்லி அவிப்பார்கள். அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு மும்பை முழுக்கக் கொண்டுபோய் விற்பார்கள். அதைப் போய் எடுத்தேன். ஒரே ஒரு ட்யூப்லைட். தட்டைத் திறந்ததும் ஆவி கிளம்பி அந்த அக்காவின் முகத்தை மறைத்தது. ஈரத்துணியை ஓரத்தில் பிடித்து உரிக்கையில் இட்லிமேல் துணியின் நெசவுகூடப் பதிந்திருந்தது தெரிந்தது. என் போனில் அதே இடத்தை எடுத்தால் புகைமூட்டமும் நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்றும் வரும்.

அடுத்தது நடை. தலைக்குள் குட்டிக் குட்டியாக மூன்று மோட்டார்கள். நம் கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அது உணர்ந்து எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். அதனால் கை நடுங்கினாலும் படம் ஆடாது. ஆனால் நடக்கும்போது உடம்பு மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறதே, அதை இந்த மோட்டார்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு நாம்தான் முழங்காலை மடக்கி, குதிகாலை மெதுவாக ஊன்றி, பூனை நடை போட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் அப்படியே நைன்டி ஃபீட் ரோட்டில் ஒரு நடை போய்வந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் எனக்கு மூட்டுத் தேய்மானம் என்ற செய்தி அம்மாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஒரு அத்தை தைலம் கொடுத்துவிட்டிருந்தார். இன்னொருவர் சயானில் நல்ல எலும்பு டாக்டர் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த வயசிலேயா என்று தெருவே வருத்தப்பட்டது.

ஆபீசில் வேறு மாதிரிக் கேள்வி. போன் இருக்கும்போது இது எதுக்கு? இந்த ஒரு கேள்வியில் ஒரு கேமராவின் கதையே முடிந்திருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் ஃப்ளிப் அல்ட்ரா என்று ஒரு பாக்கெட் வீடியோ கேமரா வந்து சக்கைப்போடு போட்டது. நடுவில் ஒரு சிவப்புப் பட்டன், அமுக்கினால் பதிவு, மறுபடி அமுக்கினால் நிற்கும், வேறு வம்பு கிடையாது. 2009-ல் நெட்வொர்க் கருவிகள் செய்கிற சிஸ்கோ, அதைத் தயாரித்த கம்பெனியை 59 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே வருஷம் ஐபோன் 3ஜிஎஸ் வந்து வீடியோ எடுக்க ஆரம்பித்தது. 2011-ல் சிஸ்கோ அந்தக் கேமராவுக்குக் கடையைக் கட்டிவிட்டது. 59 கோடி டாலர்!

என்னிடம் கேட்டால், போனில் வீடியோ எடுப்பதில் இருக்கிற ஒரே கஷ்டம் அது போன் என்பதுதான். நல்ல கட்டத்தில் அம்மா கூப்பிட்டு, "தேங்கா வாங்கிட்டியா?" என்பாள். இந்தக் கேமராவுக்கு யாரும் கூப்பிட முடியாது. அதற்காக இதில் செலவு இல்லை என்று நினைக்க வேண்டாம். உள்ளே மெமரியே கிடையாது. லேமிங்டன் ரோட்டுக்குப் போய்த் தனியாகக் கார்டு வாங்கினேன். உயர்ந்த தரத்தில் எடுத்தால் ஒரு நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு ஜிபி தின்கிறது.

சரி, பொங்கலுக்கு வருவோம். தாராவியில் பொங்கல் என்றால் வீட்டுக்குள் குக்கரில் வைப்பது இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாக இருக்கிற குடும்பங்கள் ஏராளம். காலையிலேயே தெருவில் வரிசையாகக் கல் கூட்டி, கோலம் போட்டு, பானையை ஏற்றிவிடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். ஊரில் இருக்கிற சொந்தமெல்லாம் வீடியோ கேட்டிருந்தது. எங்கள் பானைக்கு எதிரே ஒரு ஸ்டூல் போட்டு, குட்டி ஸ்டாண்டில் கேமராவை நிற்க வைத்தேன். முகத்தைத் தானே கண்டுபிடித்து, அந்த முகம் எங்கே போனாலும் தலையைத் திருப்பிப் பின்தொடர்கிற வசதி அதில் உண்டு. பானை நடுவில், பக்கத்தில் அம்மா. அம்மா எங்கே நகர்ந்தாலும் கேமரா பார்த்துக்கொள்ளும். நான் விறகு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டேன்.

அப்போதுதான் பாதுகாப்புக்கு நின்றிருந்த போலீஸ்காரர் ஒருவர் வந்தார். ஸ்டூலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். குச்சியின் தலை அவர் கண்ணெதிரே மெதுவாகத் திரும்பியது.

"ஹே காய் ஆஹே?"

கேமரா என்றேன்.

"எந்தக் கம்பெனி?"

டிஜேஐ என்றேன். சொல்லியிருக்க வேண்டியதில்லைதான், ஆனால் போலீஸ் கேட்டால் வாய் தானாகப் பேசிவிடுகிறது. மும்பையில் அவ்வப்போது ட்ரோன் பறக்கவிடத் தடை போடுவார்கள். அந்த உத்தரவை எல்லாம் நன்றாகப் படித்த மனிதர் போலிருக்கிறது. "அது ட்ரோன் கம்பெனிதானே? இது பறக்குமா?" என்று மராத்தியில் கேட்டார். பறக்காது என்றேன். கையில் எடுத்து மேலும் கீழும் பார்த்தார், றெக்கையைத் தேடினார். பக்கத்துப் பானை அக்கா அவர் கையில் ஒரு துண்டுக் கரும்பைக் கொடுத்ததும் விசாரணை முடிந்தது. கேமராவை ஸ்டூலில் வைத்துவிட்டு, ரொம்ப உயரத்தில் எடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பானை பொங்கியது. குலவைச் சத்தம் தெருவைத் தூக்கியது. சாயங்காலம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து வீடியோவைப் போட்டோம். அம்மா அடுப்பை ஊதக் குனிகிறாள், முகம் புகைக்குள் மறைகிறது. கேமரா கொஞ்சம் யோசிக்கிறது. பிறகு நிதானமாக வலது பக்கம் திரும்பி, ரோஸ் சட்டை போட்ட ஒரு பையனிடம் போய் நிற்கிறது. பானைக்கு முகம் இல்லை, அது என்ன செய்யும்? அதற்குப் பிறகு பின்னணியில் அம்மாவின் குரல், "பொங்கலோ பொங்கல்", பால் வழிந்து நெருப்பில் விழுகிற சத்தம், குலவை. படத்தில் அந்தப் பையன் கரும்பின் கணுவைக் கடைவாயில் வைத்துக் கடிக்கிறான். தோலை நீளமாக உரிக்கிறான். இரண்டடி தள்ளி நிற்கிறான், கேமராவும் கூடவே வருகிறது. ஒரு சின்ன ஆட்டம்கூட இல்லை. மூக்கு நுனி வேர்வை தெரிகிறது. சக்கையைக் கீழே துப்பாமல் கையில் வைத்திருந்த காகிதப் பைக்குள் போடுகிறான்.

யார் இவன்? ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேறு வழியில்லாமல் அதையே சுருக்கி ஊர் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டேன். அரை மணி நேரத்தில் அத்தை கூப்பிட்டாள்.

"பானையக் காணோம். அது கெடக்கட்டும். அந்த ரோஸ் சட்டை யாருல?"

"தெரியாது அத்தை."

"தெரியாத பையனையா இம்புட்டு நேரம் எடுத்தே? சக்கையக் கண்ட எடத்துல துப்பாம பையில போடுதான் பாத்தியா? வளப்பு தெரியுது. நம்ம ஆளுகளான்னு கொஞ்சம் விசாரி. இவளுக்கும் படிப்பு முடியப்போவுது."

அண்ணாச்சியிடம் போய்க் காட்டினேன். கண்ணாடியைக்கூட மாட்டாமல் சொல்லிவிட்டார். "இவனா? கும்பார்வாடா குஜராத்திப் பையன்லா. இந்தத் தெருவுக்குப் பூரா பொங்கப் பானை கொண்டாந்து எறக்குனதே இவன்தாம்ல."

அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மண்பானை செய்கிறவர்கள், பூர்வீகம் சௌராஷ்டிரா, தமிழ் அவ்வளவாக வராது. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"சூளை சொந்தமா, வாடகையான்னு கேட்டியா?"