மறுபடியும் வகுப்பறைக்கு

நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகள் கொரோனா தொற்றுப் பரவலால் 2020 மார்ச் 16 அன்று மூடப்பட்டபோது, சில வாரங்களில் திறந்துவிடுவார்கள் என்றுதான் அந்நகரின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கும் நாங்களும் நம்பினோம். அடுத்த ஆறு மாதங்கள் எங்கள் சாப்பாட்டு மேசையே மகளின் வகுப்பறையாக இருந்தது.

செப்டம்பர் 21 அன்று மழலையரும் சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளில் ஒரு பகுதியினரும் முதலில் திரும்பினர்; 29 அன்று தொடக்கப் பள்ளிகளும், அக்டோபர் 1 அன்று மற்றவையும் திறந்தன. ஆனால் இடைவெளி விதியால் முழு வகுப்பும் ஒருசேர அமர முடியவில்லை. என் மகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் பள்ளி, மற்ற நாள்களில் திரை.

நகரில் செய்த பரிசோதனைகளில் தொற்று உறுதியானவை 3 சதவீதத்தைத் தொட்டதும், நவம்பர் 19 முதல் மீண்டும் மூடினார்கள். முந்தைய நாள் அவள் மேசையில் விட்டுவந்த தண்ணீர்ப் புட்டி, டிசம்பர் 7 அன்று தொடக்கப் பள்ளிகள் திறக்கும்வரை அங்கேயே இருந்தது. இம்முறை, வாராந்தரப் பரிசோதனைக்குப் பெற்றோரின் ஒப்புதல் கட்டாயம். காற்றோட்டத்துக்காகச் சன்னல்கள் திறந்தே கிடந்ததால், குளிர்கோட்டைக் கழற்றாமலேயே அவள் கணக்குப் போட்டாள்.

சிறியவர்களுக்கு முன்னுரிமை தந்தது சரியே என்று இன்றும் கருதுகிறேன். திரைவழியே எழுத்துக்கூட்டப் பழகுவது அவர்களுக்கு எவ்வளவு கடினம் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆயினும் நடுநிலைப் பள்ளிகள் 2021 பிப்ரவரி 25 வரையும், உயர்நிலைப் பள்ளிகள் மார்ச் 22 வரையும் காத்திருந்தன. அவ்வளவு காலம் அறைக்குள் அடைந்து கிடந்த பக்கத்து வீட்டுப் பையனை நினைத்தால் மனம் கனக்கிறது.

2021 செப்டம்பர் 13 அன்று, இணையவழி வகுப்பு என்ற தெரிவே இன்றி, எல்லோரும் திரும்பினர். அன்று மாலை மகள் சொன்ன முதல் செய்தி, தன் தோழி தன்னைவிட உயரமாகிவிட்டாள் என்பதுதான்.