நெய் இல்லாத தொதல்

அம்மாவின் சமையல் நோட்டில் ஒரே ஒரு பக்கம் முடியாமலே கிடந்தது. மேலே ‘கீழக்கரை தொதல்’ என்று தலைப்பு. கீழே நெய்யின் அளவை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருப்பார். அரை லிட்டர், முக்கால் லிட்டர், அப்புறம் வெறும் கேள்விக்குறி.

அப்பாவோடு வேலை பார்த்த கீழக்கரை மாமா ஒருவர், நோன்புப் பெருநாள் முடிந்து மதுரைக்குத் திரும்பும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு பொட்டலம் தொதல், அவர்கள் ஊர் இனிப்பு, கொண்டுவருவார். கரிய நிறம். அல்வாவைவிடக் கெட்டி. வெட்டினால் கத்தியிலும் ஒட்டாது, விரலிலும் ஒட்டாது. சுற்றிவந்த தாள் மட்டும் எண்ணெயில் நனைந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். “எவ்வளவு நெய் குடிச்சிருக்கும் பாரு” என்பார் அம்மா. அவர் கிண்டியபோதெல்லாம் மாவு ஒரு பக்கம், நெய் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றது. மாமாவிடம் கேட்டால், “அது பொம்பளைங்க சமாச்சாரம்மா, எனக்குத் தெரியாது” என்று சிரிப்பார். இப்போது மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

ராமநாதபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். தெற்கே சுமார் 17 கிலோமீட்டர். வழியெல்லாம் பனை, சீமைக் கருவேலம். கீழக்கரையில் கடல் அலையடித்து மிரட்டுவதில்லை. மன்னார் வளைகுடாவின் தீவுகள் வரிசையாக நின்று தடுப்பதால், படகுத்துறையில் தண்ணீர் குளம்போலக் கிடந்தது. கரைக்கு எதிரே உள்ள தீவுகளில் ஒன்றின் பெயர் அப்பா தீவு. அந்தப் பெயரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இது வள்ளல் சீதக்காதியின் ஊர். பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல் தூண்களைப் பார்த்தால் பாண்டிநாட்டுக் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அன்று என் மனம் முழுக்க அந்தக் கேள்விக்குறி.

முதலில் நுழைந்த கடையிலேயே பாதி விடை கிடைத்தது. கால் கிலோ வாங்கிக்கொண்டு, கிலோவுக்கு எவ்வளவு நெய் என்று கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “நெய்யா? நெய் விட்டா அது தொதல் இல்லம்மா.” பிறகு தன் பையனைக் கூப்பிட்டு, “லாத்தா வீட்டுல இன்னைக்கு கல்யாணத்துக்குக் கிண்டுறாங்க, இவங்களக் கூட்டிட்டுப் போ” என்றார்.

லாத்தா என்றால் அங்கே அக்கா. அவருக்கு அறுபது வயதிருக்கும். வீட்டின் பின்கட்டில் விறகடுப்பு, அதன் மேல் பெரிய உருளி, கையில் படகுத் துடுப்பு அளவுக்கு ஒரு மரக்கரண்டி. நான் போனபோது உள்ளே இருந்தது கஞ்சிதான். பச்சரிசி மாவு, ஊறவைத்த ஜவ்வரிசி, மண் போக வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப் பால். “மாவு ஒரு கிலோன்னா தேங்கா பத்து போடணும். கைக்கணக்குதான்” என்றார். எண்ணெய் எப்போது ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். “உக்காருங்க, பாப்பீங்க.”

உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் கஞ்சி கூழானது. எங்கள் வீட்டில் இந்த இடத்தில்தான் அம்மா நெய்யை ஊற்றி இறக்குவார். இங்கே யாரும் இறக்கவில்லை. லாத்தாவும் அவர் மருமகளும் கை மாற்றி மாற்றிக் கிண்டினார்கள். நிறுத்தினால் அடிப்பிடிக்கும். இரண்டு மணி நேரம் போனது. கரண்டி அசைய மறுத்தது, நிறம் கறுத்தது. மூன்றாவது மணியைத் தாண்டியதும் லாத்தா என்னைத் தொட்டு, “இந்தா, கக்குது பாருங்க” என்றார். உருளியின் விளிம்பில் முத்து முத்தாக எண்ணெய். யாரும் ஊற்றாத எண்ணெய். பால் சுண்டச் சுண்டத் தேங்காய் தன் எண்ணெயைத் தானே விட்டுக்கொடுக்கிறது. மொத்தமும் ஒரே உருண்டையாகத் திரண்டு, உருளியை விட்டு விலகிச் சுழன்றது. மிஞ்சிய எண்ணெயை அகப்பையால் மொண்டு தனியே எடுத்துவைத்தார். பிறகுதான் முந்திரி.

என் கண் கலங்கியதற்குப் புகைதான் காரணம் என்று மருமகள் நினைத்துக்கொண்டார். அப்படியே விட்டுவிட்டேன்.

டீ குடிக்கும்போது இன்னொரு கேள்வி கேட்டேன். ‘தொதல்’ தமிழ் வேரில் நிற்கும் சொல்லாகத் தெரியவில்லையே? “எங்க வாப்பா கொழும்புல ரத்தினக்கல் வியாபாரம் பண்ணாங்க. சிலோன் பண்டம்தான் இது” என்றார் லாத்தா. ஆனால் தடம் கொழும்போடு நிற்பதில்லை. இலங்கையில் இதற்குப் பேர்போன ஊர் அம்பாந்தோட்டை. டச்சுக்காரர்கள் காலத்தில் ஜாவா பக்கமிருந்து வந்த மலாய் மக்களின் சந்ததியினர் வாழும் ஊர் அது. ஜாவாவின் காரூட் நகரில் இதே பண்டம் ‘தொதோல்’. கோவாவில் கிறிஸ்துமஸுக்கும் ‘தொதோல்’ கிண்டுகிறார்கள். ஜாவாவில் அரேன் பனையின் வெல்லம், இலங்கையில் கித்துள் கருப்பட்டி, ராமநாதபுரத்துக்கு வந்ததும் நம் பனங்கருப்பட்டி. ஒவ்வொரு கரையிலும் அங்கே நிற்கும் பனை இனிப்பைக் கொடுத்தது. தேங்காய் எல்லாக் கரையிலும் இருந்தது. கடல் வணிகம் செய்த மரக்காயர்களின் கப்பல் போன துறைகளில் எல்லாம் மாடு தேடி, நெய் தேடி யார் அலைந்திருப்பார்கள்? கடலோரத்துப் பண்டத்தை மதுரை அடுப்பில் நெய்யை வைத்து நாங்கள் தேடியதுதான் தப்பு.

காசு கொடுக்கப் போனால் லாத்தா வாங்கவில்லை. ஆறிய ஓரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டித் தாளில் சுற்றித் தந்தார். “உங்க அம்மாவுக்கு. சூட்டோட மூடிடாதீங்க, வேர்த்துப்போயிடும்.”

இரவு பத்து மணிக்கு வீடு வந்தேன். அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். தொதலைத் தொடவில்லை. தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார், முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

“தேங்கா” என்றார்.

எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தில் நெய் என்ற சொல்லை அழுத்தி ஒரு கோடு போட்டார்.

“ஒரு கிலோ மாவுக்கு எத்தனைன்னு சொன்னாங்க?”