புவிண்டியில் கொரில்லா: முதலில் பெர்மிட், அப்புறம்தான் ரூம்

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் உள்ள புவிண்டி காட்டுக்குக் கொரில்லா பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலர் முதலில் நல்ல விடுதியாகப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. பெர்மிட் மொத்தக் காட்டுக்கும் பொதுவானதல்ல. புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ங்குரிங்கோ என்ற நான்கு வாசல்களில் ஒன்றுக்கு, ஒரே ஒரு தேதிக்குத்தான். வரைபடத்தில் புஹோமாவும் ருஷாகாவும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நடுவில் காடு கிடக்கிறது, வண்டி மலையைச் சுற்றித்தான் போகும், சில மணி நேரம் பிடிக்கும். காலை எட்டு மணி வாக்கில் பெர்மிட் உள்ள வாசலில் நிற்க வேண்டும் என்பதால், விடுதி வேறு வாசல் பக்கம் இருந்தால் சிக்கல்தான். பெர்மிட் 800 டாலர் (ருவாண்டாவில் 1,500). வயது 15 நிரம்பியிருக்க வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். ஊசி போட்டதற்கான சான்று அட்டை திரும்பி வரும்போதும் வேண்டும். இல்லாவிட்டால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு நாளுக்கு எட்டுப் பேர்தான். தடம் பார்ப்பவர்கள் விடியலிலேயே போய், முந்தின நாள் கொரில்லாக் கூட்டம் படுத்த இலைப்படுக்கையிலிருந்து தேடத் தொடங்குவார்கள். கொரில்லா தினமும் புதுப் படுக்கை போடும் என்பதால் அது எங்கே இருக்குமென்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு மணி நேரத்திலும் முடியலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். முழங்கால் சரியில்லை என்றால் காலையிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு மாற்றிவிடப் பார்ப்பார்கள்.

சரிவில் வழுக்கும்போது கை தானாக எதையாவது பிடிக்கும். பிடிப்பது பெரும்பாலும் காஞ்சொறியாக இருக்கும். அதனால் தோட்டவேலைக் கையுறை கட்டாயம். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். வால்பாறைக்கு வாங்கிய அட்டைப்பூச்சி சாக்ஸ் இருந்தால் அதைவிட நல்லது. இங்கே தொல்லை அட்டையால் அல்ல, சியாஃபு எறும்பால். வரிசை வரிசையாகப் பாதையைக் கடக்கும். மிதித்து நின்றால் துணிக்குள் ஏறிக் கடிக்கும், பிய்த்தாலும் தலை தோலிலேயே நிற்கும். எறும்பு வரிசையைக் கண்டால் நிற்காமல் தாண்டிவிடுங்கள். சுமைக்கு ஆள் வைத்துக்கொள்வதில் கௌரவம் பார்க்க வேண்டாம்; சுமப்பதைவிட ஏற்றத்தில் உங்களை இழுத்துவிடுவதுதான் அவர் செய்யும் பெரிய வேலை.

கொரில்லாக் கூட்டத்தைக் கண்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும்: ஒரு மணி நேரம், அவ்வளவுதான். முகக்கவசம் போட்டு, பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம் சளி அவற்றுக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. இருமல் இருந்தால் அன்று போகக்கூடாது. ஃபிளாஷ் கூடாது. கறுப்பு ரோமத்தைக் கண்ட கேமரா படத்தைத் தேவைக்கு மேல் வெளுப்பாக்கும், அதனால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் ஒன்றுக்கு இறக்குங்கள். இருட்டு அதிகம், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணரும் திறன்) 1600-க்குக் கீழே எதிர்பார்க்க வேண்டாம்.

வழிகாட்டி தொண்டையைச் செருமுவதுபோல 'ம்ம்ம்-ஹ்ம்' என்று அடிக்கடி சத்தம் கொடுப்பார். 'பயமில்லை' என்பதற்குக் கொரில்லாக்களே எழுப்பும் சத்தம் அது. முதுகு வெளுத்த பெரிய ஆண் பாய்ந்து வந்தால் ஓடாதீர்கள். குனிந்து உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அனேகமாக நடுவழியிலேயே நின்று, ஒரு செடியைப் பிடுங்கித் தின்னத் தொடங்கிவிடும்.